திறக்காத கேற்: கல்லடி வீடொன்றின் தன்னியக்கக் கருவிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் அந்த வீடு இருக்கிறது. 2024 நவம்பர் கடைசி வாரம், மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் நின்ற நாட்கள். அந்த வாரத்து இரவொன்றில் அந்த வீட்டின் இரும்புக் கேற் நாற்பது நிமிடங்கள் திறக்கவில்லை. உள்ளே 71 வயதுத் தாய் ஒருவர் சீனி குறைந்து, உடம்பெல்லாம் வியர்த்து, நாக்குக் குழறிக் கட்டிலோடு சாய்ந்திருந்தார். வெளியே பக்கத்து வீட்டுக் கணவனும் மனைவியும் டோர்ச் லைட்டுடன் மழையில் நின்றார்கள். அவர்களைத் தொலைபேசியில் அழைத்தவர் அந்தத் தாயேதான். வந்தவர்களை உள்ளே விடாமல் மறித்து நின்றவை, அவருடைய பாதுகாப்புக்கென்று பிள்ளைகள் பொருத்திக் கொடுத்த கருவிகள்.

இருபது வருடங்களுக்கு மேலாக இந்தப் பகுதியில் வீட்டு மின்னிணைப்பு வேலை செய்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பின்னர், டிசம்பரில், வீட்டைப் பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்தார்கள். நான் கண்டதையும் மாற்றியதையும் குடும்பத்தின் சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். இதே மாதிரியான வீடுகள் ஆரையம்பதியிலும் களுவாஞ்சிகுடியிலும் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் எத்தனையோ இருக்கின்றன: பிள்ளைகள் வெளிநாட்டில், தாயோ தகப்பனோ இங்கே தனியே, இரண்டுக்கும் நடுவில் ஒரு கைத்தொலைபேசிச் செயலி. இந்த வீட்டில் நடந்தது அந்த வீடுகளிலும் நடக்கலாம் என்ற பயம்தான் என்னை எழுத வைக்கிறது.

சூட்கேசில் வந்தவை

பழைய வீட்டை 2004 டிசம்பர் 26 சுனாமி கொண்டுபோனது. இப்போதுள்ளது அதன் பின்னர் கட்டியது. அந்தக் காலத்து வயரிங் முறைப்படி, சுவரில் உள்ள சுவிட்ச் பெட்டிக்கு மின்சாரம் கொண்டுவரும் லைவ் வயர் இறங்கி, அங்கிருந்து மின்குமிழுக்கு ஒரு வயர் ஏறிப் போகும், அவ்வளவுதான். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் கூரைக்குள்ளேயே நின்றுவிடும். இது பின்னர் பெரிய தொல்லையாக வரும் என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். மகள் சூரிச்சில். 2024 ஓகஸ்டில் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வந்த மகன், மூன்று கமராக்கள், முன்கதவுக்கு இலக்கப் பலகையும் விரல்ரேகையும் கொண்ட பூட்டு, இரண்டு ஸ்மார்ட் பிளக்குகள், எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு மையக் கருவி ஆகியவற்றைச் சூட்கேசில் கொண்டுவந்தார். மகள் தபாலில் நான்கு கதவுச் சென்சர்கள் அனுப்பினார். கேற்றுக்கு மோட்டார் இங்கேயே வாங்கிப் பூட்டப்பட்டது. சுவிட்சுகள் இணையத்தில் வாங்கியவை. இரண்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்து மகன் திரும்பிப் போனார். தாயைத் தனியே விட்டிருக்கும் பிள்ளையின் மனப்பாரம் எனக்குத் தெரியும். அவர் செய்ததில் அலட்சியம் துளியும் இல்லை. ஆனால் எந்தக் கருவியும் இந்த ஊருக்கென்று தெரிவு செய்யப்படவில்லை.

முதலில் போனவை ஸ்மார்ட் பிளக்குகள். அவற்றின் முதுகில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. நம்முடைய வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பயணிகள் பாவிக்கும் மாற்றுச் செருகி, பிளக்கின் கால்களைத்தான் நம் சொக்கெட்டுக்குப் பொருத்தமாக்கும், வோல்ட்டைக் குறைக்காது. செருகிய முதல் நாளே ஒன்று டப்பென்று வெடித்து, அறை முழுக்கக் கருகல் மணம். மற்றதை அம்மா தானே கழற்றிச் சோற்றுப் பானை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். நான் போனபோது அது அங்கேயே இருந்தது.

அடுத்தது கதவுச் சென்சர்கள். சூரிச்சிலிருந்து வந்த நான்கும் ரொறன்ரோவிலிருந்து வந்த மையக் கருவியுடன் ஒருநாளும் பேசவே இல்லை. மகன் மூன்று இரவு கண்விழித்துப் பார்த்திருக்கிறார். கருவியில் பிழை என்றே கடைசிவரை நினைத்திருக்கிறார். பிழை அலைவரிசையில் இருந்தது. இரண்டும் இசட்-வேவ் என்ற ஒரே வயர்லெஸ் முறையைச் சேர்ந்தவைதான், ஆனால் அந்த முறை கனடாவிலும் அமெரிக்காவிலும் 908.42 மெகாஹேர்ட்ஸிலும், ஐரோப்பாவில் 868.42 மெகாஹேர்ட்ஸிலும் இயங்குகிறது. ஒன்று பேசுவது மற்றதன் காதில் விழாது. எந்தச் செயலியும் எந்தப் புதுப்பிப்பும் இதைச் சரிசெய்யாது. இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. 908 மெகாஹேர்ட்ஸ் என்பது நம் நாட்டில் கைத்தொலைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசும் 880 முதல் 915 வரையான பரப்புக்குள் விழுகிறது. கனடாவில் முறையாக விற்கப்படும் கருவி இங்கே வேறொருவரின் அலைவரிசையில் பேசும் கருவியாகிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வயர்லெஸ் கருவி கொண்டுவருகிறவர்கள் பெட்டியின் பின்புறத்தில் வோல்ட்டையும் மெகாஹேர்ட்ஸையும் ஒரு தடவை வாசித்துவிட்டு வாங்கினால் பாதித் தொல்லை விமான நிலையத்துக்கு அந்தப் பக்கமே முடிந்துவிடும். வைஃபை, வீட்டுக் கருவிகளுக்கான இன்னொரு வயர்லெஸ் முறையான சிக்பீ ஆகிய இரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸில் உலகமெங்கும் ஏறத்தாழ ஒரேமாதிரி இயங்குவதால் அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

கதவுச் சென்சர் வேலை செய்யாததால், உள்ளூரில் வாங்கிய வைஃபைச் சென்சர்களை ஒருவர் வந்து பூட்டிக் கொடுத்தார். ஹோலில் ஒன்றும் பின் விறாந்தையில் ஒன்றுமாக அசைவுச் சென்சர்களும் வந்தன. அவை வேலை செய்தன. அளவுக்கு மேல் வேலை செய்தன.

பல்லியும் மாரியும்

அசைவுச் சென்சர் என்பது உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்பு வெப்பத்தின் மாற்றத்தைப் பார்க்கும் கருவி. முன்னே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லை இருக்கும். பின் விறாந்தைச் சென்சர் குழல் விளக்குக்கு ஒரு சாண் கீழே பூட்டப்பட்டிருந்தது. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். தூரத்தில் ஓடும் பல்லியை அந்தச் சென்சர் கணக்கெடுக்காது. வில்லையின் மேலேயே அது நடந்தால், கண்ணுக்கு முன்னே யானை போவதைப் போல. நான் அங்கே நின்ற முதல் மாலையிலேயே இதைக் கண்ணால் பார்த்தேன். பல்லி வில்லையில் ஏறி நின்று வாலை ஒரு தடவை அசைத்தது. சைரன் அலறியது. அம்மா குசினியிலிருந்து வந்து, பழக்கப்பட்ட கையால் அதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கதவுச் சென்சர்களின் கதை வேறு. கதவில் ஒரு காந்தம், நிலையில் அதை உணரும் சிறு கண்ணாடிக்குழாய். இரண்டுக்கும் இடைவெளி ஒன்றரைச் சென்ரிமீற்றரைத் தாண்டினால் கதவு திறந்ததாக அது அறிவிக்கும். ஓகஸ்ட் வெயிலில் பூட்டியபோது எல்லாம் சரியாக இருந்தது. ஒக்டோபரில் மழை தொடங்கியதும் மரக்கதவு ஈரம் குடித்து ஊதியது. பின்கதவு நிலையோடு முழுதாகப் பொருந்தாமல் விரற்கடை வெளியே நின்றது. மாரிக்காலத்தில் கதவு ஊதும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கருவி செய்தவனுக்கு அது தெரியாது, பூட்டியவர் நினைக்கவில்லை. கடற்காற்றின் உப்பு அதற்கு மேல். மூன்றே மாதத்தில் ஒரு சென்சரின் பற்றரித் தகட்டில் பச்சைப் பாசி போலக் களிம்பு படிந்திருந்தது.

இப்படி இரவு பகலாக வந்த பொய் எச்சரிக்கைகள் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருந்த கைத்தொலைபேசிகளில் போய் விழுந்தன. முதல் வாரம் பிள்ளைகள் பதறி அழைத்தார்கள். இரண்டாவது வாரம் கமராவைத் திறந்து பார்த்தார்கள். ஒக்டோபர் கடைசியில் இருவருமே அந்தச் செயலியின் ஒலியை நிறுத்திவைத்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேலைத்தலத்தில் நிற்கும் எவராலும் பல்லிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் பாதுகாப்பு அந்த நாளிலேயே முடிந்துவிட்டது. நவம்பரில் நடந்தது அதன் தொடர்ச்சி.

அந்த இரவு

அயலவர் சொன்னதையும் அம்மா சொன்னதையும் கருவிகளில் பதிவாகியிருந்த நேரங்களையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது இதுதான். ஏறத்தாழ 1.20க்கு மின்சாரம் நின்றது. அதோடு ரவுட்டர் நின்றது, மையக் கருவி நின்றது, மூன்று கமராக்களும் நின்றன. மின்சாரத்தில் ஓடிய எந்தக் கருவிக்கும் மாற்று இல்லை. கதவுப் பூட்டு மட்டும் நிற்கவில்லை. அது நான்கு சிறு பற்றரிகளில் இயங்குவது.

2.10 அளவில் அம்மா உடம்பு நடுங்கி விழித்தார். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர், இரவு சாப்பாட்டைக் குறைத்திருந்தார். கட்டிலருகே இருந்த சாதாரணக் கைத்தொலைபேசியில் பக்கத்து வீட்டை அழைத்தார். அப்போது ரொறன்ரோவில் முதல்நாள் பிற்பகல் 3.40. மகனின் செயலியில் வீடு "இணைப்பில் இல்லை" என்று காட்டியிருக்கிறது. அவர் அதைப் பார்த்தும் இருக்கிறார். மழைநாளில் கரண்ட் போவது வழமை என்று வேலையைத் தொடர்ந்திருக்கிறார். சூரிச்சில் இரவு 9.40. மகள் பார்க்கவே இல்லை.

அயலவர் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். கேற் அசையவில்லை. இழுத்துத் திறக்கும் கேற்றின் மோட்டாரில் உள்ள பற்சக்கர அமைப்பு, மோட்டார் சுற்றினால் கேற்றை நகர்த்தும், கேற்றைத் தள்ளினால் மோட்டார் சுற்றாது. கள்ளன் தள்ளித் திறக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். மின்சாரம் நின்ற நேரத்துக்கென்று மோட்டாரின் பக்கவாட்டில் ஒரு விடுவிப்புத் திறப்பு உண்டு. அதைப் போட்டுத் திருப்பினால் கேற் கையால் தள்ள நகரும். திறப்பு எங்கே என்று நான் டிசம்பரில் கேட்டேன். அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மகனை அழைத்துக் கேட்டோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு வீட்டுத் திறப்புக் கோர்வையோடு அது ரொறன்ரோவில் தன் மேசை லாச்சிக்குள் இருப்பதாகச் சொன்னார்.

பக்கத்து வீட்டு ஐயா அறுபதைக் கடந்தவர். கண்ணாடித் துண்டு பதித்த மதிலில் சாக்கைப் போட்டு ஏறிக் குதித்தார். உள்ளங்கை கிழிந்தது. முன்கதவுப் பூட்டின் இலக்கம் அவருக்குத் தெரியாது. பின்கதவில் மட்டும் பழைய கொண்டி இருந்தது. அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அதைத் தள்ளித் திறந்தார். சீனித் தண்ணீர் கொடுத்துக் கால் மணி நேரத்தில் அவருக்குப் பேச்சுத் தெளிந்தது. மோசமாகியிருந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைத்தாலும், அது அந்தக் கேற்றுக்கு வெளியேதான் நின்றிருக்கும்.

இன்னொன்று. மின்சாரம் அதிகாலையில் திரும்பியபோது வீட்டில் உள்ள எல்லா மின்குமிழ்களும் ஒரே நேரத்தில் எரிந்தன. மின்சாரம் மீளும்போது சுவிட்ச் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பை யாரும் தொட்டிருக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் பக்கத்து வீட்டு அம்மா தரையைப் பார்த்திருக்கிறார். கட்டிலிலிருந்து பின்கதவு வரை ஐயாவின் இரத்தமும் சேறும்.

வீட்டைத் திறந்து பார்த்தபோது

ஹோல் மின்குமிழ் நள்ளிரவில் அணைத்த பிறகும் மங்கலாக மினுங்குகிறது என்று அம்மா சொன்னார். இரண்டு மாதமாக அப்படியாம். பிள்ளைகளிடம் சொன்னால் கவலைப்படுவார்கள் என்று சொல்லவில்லை. சாமி அறையில் ஒரு விளக்கை மட்டும் கூடுதலாக ஏற்றிவைத்திருக்கிறார். காரணம், நான் முதலில் சொன்ன நியூட்ரல் இல்லாத சுவிட்ச் பெட்டி. ஸ்மார்ட் சுவிட்சுக்குள் ஒரு சிறு வானொலிக் கருவி எப்போதும் விழித்திருக்க வேண்டும். நியூட்ரல் இருந்தால் அது தனக்கான மின்சாரத்தை நேரே எடுக்கும். இல்லாவிட்டால் மின்குமிழின் ஊடாகவே துளித்துளியாக மின்னோட்டத்தை இழுக்கும். பழைய இழைக்குமிழுக்கு அந்தத் துளி தெரியவே தெரியாது. எல்.ஈ.டி. குமிழுக்குள் அது சேர்ந்து சேர்ந்து, நிரம்பியதும் ஒரு மினுக்கு. குமிழின் குறுக்கே ஒரு சிறு கொள்ளளவி (கபாசிட்டர்) போட்டால் அடங்கும். நான் அதைச் செய்யவில்லை. கூரைக்குள் நியூட்ரல் இருக்கும் இணைப்புப் பெட்டியிலேயே ரிலேக்கள் எனப்படும், கட்டளைக்கு இயங்கும் சிறு மின்சுவிட்சுகளைப் பொருத்தி, சுவரில் பழைய சாதாரணச் சுவிட்சுகளைத் திரும்பப் பூட்டினேன். இப்போது மையக் கருவி குழம்பினாலும் இணையம் செத்தாலும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும். சுவரில் உள்ள சுவிட்ச் விளக்கைப் போடாத வீடு எனக்குச் சம்மதமில்லை.

கேற் ரிமோட்டை எடுத்து மகனுக்கு வீடியோ அழைப்பில் ஒன்று காட்டினேன். பஸாரில் வாங்கிய நகலெடுக்கும் ரிமோட் ஒன்று என் கையில் இருந்தது. இரண்டையும் தலைக்குத் தலை வைத்து, இரண்டின் பொத்தானையும் அழுத்திப் பிடித்தேன். என் ரிமோட்டின் சிவப்புப் பொட்டு மூன்று தடவை மின்னியது. வேறொன்றும் செய்யவில்லை. வாசலில் நின்று என் ரிமோட்டை அழுத்தினேன். கேற் திறந்தது. மகன் ஒன்றும் பேசவில்லை. 433.92 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் மலிவான ரிமோட்டுகளில் பெரும்பாலானவை ஒவ்வோர் அழுத்தத்திலும் ஒரே இலக்கத்தையே ஒலிபரப்புகின்றன. ஒரு தடவை கேட்டு வைத்துக்கொண்டவன் எப்போதும் திறக்கலாம். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் இலக்கம் மாறும் ரிமோட்டுகள் பல வருடங்களாகச் சந்தையில் இருக்கின்றன, விலையும் எட்டாததல்ல. ஆக, அந்தக் கேற் உதவிக்கு வந்தவருக்குத் திறக்கவில்லை, கள்ளனுக்குத் திறக்க ஆயத்தமாக இருந்தது.

கமராக்களில் ஒன்றுக்குத் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லே இருந்தது. இது சின்ன விஷயமல்ல. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபதுக்கு மேற்பட்டவற்றின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டே உலகமெங்கும் இலட்சக்கணக்கான கமராக்களுக்கும் ரவுட்டர்களுக்கும் புகுந்தது. அந்த வருடம் ஒக்டோபர் 21இல் அவற்றை ஏவி நடத்திய தாக்குதலில் பெரிய இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் எட்டாமற் போயின. பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் அப்படிப்பட்ட பொதுக் கடவுச்சொல்லுடன் கருவி விற்பதைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. இங்கே வாங்குகிறவர்தான் மாற்ற வேண்டும்.

அதே கமரா பார்த்துக்கொண்டிருந்த திசை அதைவிட என்னை வருத்தியது. மதிலுக்கு மேலால் அது நேரே பக்கத்து வீட்டுக் கிணற்றடியைப் பார்த்தது. அந்த வீட்டில் பெண்கள் கிணற்றடியில் குளிப்பவர்கள். கமரா வந்த நாளிலிருந்து அவர்கள் சீலையால் மறைப்புக் கட்டிக் குளித்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை, முகமும் கோணவில்லை. இரவு இரண்டு மணிக்கு அழைத்ததும் மழையில் ஓடி வந்தவர்கள் அவர்கள்தான். கமராவை அன்றைக்கே திருப்பினேன். அம்மா தானே மதிலடிக்குப் போய், குரலெடுத்து, "தங்கச்சி, மன்னித்துக்கொள், எனக்குத் தெரியாமற் போய்விட்டது" என்றார். இது கருவி வேலையின் பகுதியா என்று கேட்கலாம். எனக்கு அது முதல் பகுதி.

திரும்பக் கட்டியது

எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்றுதான் அம்மா முதலில் சொன்னார். "மனே, இந்தச் சாமான்கள் வர முதல் நான் நிம்மதியாக இருந்தேன்." மட்டக்களப்பில் வயதானவர்கள் இளையவர்களை அப்படித்தான், மகனே என்ற பொருளில், அழைப்பார்கள், அந்த அழைப்புக்கு மறுப்புச் சொல்வது கஷ்டம். ஆனால் பிள்ளைகளின் பயமும் நியாயமானது. வெறும் பூட்டும் திறப்பும் மட்டும் என்றால் அந்த இரவில் அவர் அழைக்க முடியாமற் போயிருந்தால் காலை வரை யாருக்கும் தெரிந்திருக்காது. எனவே ஒரே விதியை முன்வைத்தேன்: வீடு தன் வேலையைத் தனக்குள்ளேயே செய்துகொள்ள வேண்டும். பூட்டுவது, திறப்பது, வெளிச்சம் போடுவது, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுவது இந்த நான்குக்கும் இணையமோ மின்சார சபையின் மின்சாரமோ தேவைப்படக் கூடாது. ரொறன்ரோவிலிருந்து பார்க்க முடிவது அதற்கு மேலான வசதி. மகள் உடனே ஒத்துக்கொண்டார். மகனுக்கு இரண்டு நாள் பிடித்தது.

மையக் கருவியாக உள்ளங்கையளவு கணினி ஒன்றை வைத்து, ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மென்பொருளை இட்டேன். கட்டளைகள் அதற்குள்ளேயே முடிந்துவிடும், வெளிநாட்டுச் சேர்வருக்குப் போய் வராது. சேர்வரை நம்பிய வீடுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2022 ஏப்ரலில், வீட்டுத் தன்னியக்கக் கருவிகள் விற்ற இன்ஸ்டியோன் நிறுவனத்தின் சேர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகள் செயலிக்குப் பதில் சொல்வதை நிறுத்தின.

சென்சர்களைச் சிக்பீக்கு மாற்றினேன். அதன் வானொலிக் குச்சியைக் கணினியின் யூ.எஸ்.பி. 3 துளையில் நேரே செருகியபோது பின்கதவுச் சென்சர் அடிக்கடி காணாமற் போனது. அந்தத் துளையே 2.4 கிகாஹேர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும். ஒரு மீற்றர் நீட்டிப்பு வயர் போட்டுக் குச்சியைத் தள்ளி வைத்தேன், அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. ரவுட்டரை வைஃபை அலைவரிசை 1இல் நிறுத்திச் சிக்பீயை 25இல் வைத்ததால் இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. அசைவுச் சென்சரை விளக்குக்குத் தூரமாகக் கொண்டுபோனேன். இரண்டு சென்சர்கள் அரை நிமிடத்துக்குள் அடுத்தடுத்துச் சொன்னால் மட்டுமே சைரன். ஒரு பல்லியால் அது முடியாது. கதவுக் காந்தங்களை மாரிக்கால இடைவெளிக்கு ஏற்ப நகர்த்தி, துருப்பிடிக்காத ஆணியால் பூட்டி, பற்றரித் தகடுகளின் வெளிவிளிம்பில் சிலிக்கன் கிறீஸ் தடவினேன்.

மின்சாரத்துக்கு 12.8 வோல்ட், 20 அம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி ஒன்று. ரவுட்டர், ஃபைபர் பெட்டி, கணினி மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 14 வாட்தான். பற்றரியில் இருப்பது 256 வாட்-மணி. இழப்பைக் கழித்தாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. இன்வேர்ட்டர் வைக்கவில்லை. பற்றரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக உயர்த்தி, ரவுட்டரின் அடப்டரில் மறுபடி 12 ஆக இறக்குவது வீண். கேற்றுக்கு 24 வோல்ட் மோட்டாரும், தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பற்றரிகளும், இலக்கம் மாறும் ரிமோட்டும் வந்தன. விடுவிப்புத் திறப்பு இப்போது மூன்று: ஒன்று அம்மாவின் குசினியில், ஒன்று பக்கத்து வீட்டில், ஒன்று மகனிடம். முன்கதவின் இலக்கம் பக்கத்து வீட்டுக்கென்று தனியாக ஒன்று. அம்மாவின் விரல்ரேகை தேய்ந்து கருவிக்குப் பிடிபடாததால் அவரும் இலக்கத்தையே பாவிக்கிறார், இலக்கப் பலகை பழுதானால் சாதாரணத் திறப்பும் உண்டு.

கட்டிலடியில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பக்கத்து வீட்டு விறாந்தையில் மணி அடிக்கும். இதற்கு மட்டும் வயர் இழுத்தேன். மதிலுக்கு அடியால், பிளாஸ்டிக் குழாய்க்குள், இரண்டு இழை வயர், இந்தப் பக்கத்துப் பற்றரியிலிருந்து. வயர்லெஸ் பொத்தானுக்குள் இருக்கும் நாணயப் பற்றரி என்றோ ஒருநாள் சொல்லாமல் செத்துப் போகும். உயிரோடு தொடர்புள்ள ஒரே ஒரு இணைப்புக்கு வயரைவிட நம்பகமானதை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஹோல் கமராவைப் பற்றிய பேச்சுத்தான் நீண்டது. அம்மா அதை எடுக்கச் சொன்னார். மகன் அதுவே தனக்கு ஆறுதல் என்றார். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. கைத்தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, "மகன், நீ என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அழை, நான் முகம் கழுவிவிட்டு வந்து இருக்கிறேன்" என்றார். கமரா கழன்றது. அதற்குப் பதில் குசினி அசைவுச் சென்சருக்கு ஒரு வேலை கொடுத்தேன். காலையில் அது முதல் அசைவைக் கண்டதும் பிள்ளைகள் இருவருக்கும் "அம்மா எழும்பிவிட்டார்" என்று ஒரு செய்தி போகும். ஏழரை வரை குசினியில் அசைவே இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மணி தானாக அடிக்கும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு செய்தி. அதை எந்தப் பிள்ளையும் ஒலி நிறுத்திவைக்கவில்லை. வாசல் கமராவும் பின்வளவுக் கமராவும் மட்டும் இருக்கின்றன, பதிவு வீட்டுக்குள்ளேயே. பிள்ளைகள் பார்ப்பதற்கு மறைகுறியாக்கிய தனி வழி. இணையத்திலிருந்து யாரும் நுழையும்படி ரவுட்டரில் எந்தத் துவாரமும் திறந்து வைக்கப்படவில்லை.

பெப்ரவரி 9

வேலை 2025 ஜனவரி கடைசியில் முடிந்தது. பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதே காரணம் என்று அமைச்சர் அறிவித்த நாள் அது. நான் வீட்டில் இருந்தபடி அந்த வீட்டின் பற்றரியைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க முடிந்ததே பாதி விடை. பின்னேரம் நேரே போனேன். பக்கத்து வீட்டு ஐயா, தழும்பு விழுந்த கையால், தன்னிடமிருந்த திறப்பைப் போட்டுக் கேற்றை விடுவித்து ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். பற்றரி இருக்கும்போது ரிமோட்டே போதும். அவருக்கு அந்தத் திறப்பைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

எல்லாம் நேராகிவிடவில்லை. அடுத்த நாட்களில் சுழற்சி முறையில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தபோது, மின்சாரம் மீளும் ஒவ்வொரு தடவையும் கூரை ரிலேக்களில் ஒன்று இணைப்பை விட்டது. அதை மாற்றினேன். பின்வளவுக் கமராவின் உலோகத் தாங்கி இப்போதே துருப்பிடிக்கிறது. அடுத்த மாரிக்கு முன்னர் பிளாஸ்டிக்கில் போட வேண்டும். கேற் பற்றரிகள் இந்த வெக்கையில் மூன்று வருடம் தாங்கினால் நல்லது.

போயா விடுமுறை நாட்களில், பறுவத்தன்று, அம்மா காலை ஒன்பது மணிக்குப் பிரதான சுவிட்சைத் தானே இறக்கிவிடுகிறார். அரை மணி நேரம் வீடு மின்சாரமின்றி நிற்கும். கேற்றைக் கையால் தள்ளிப் பார்ப்பார், பொத்தானை அழுத்துவார், முடிவைச் சீ.ஆர். கொப்பியில் ஆசிரியைக்குரிய உருண்டை எழுத்தில் எழுதிவைப்பார். கடைசியாக நான் போனபோது அந்தக் கொப்பியைக் காட்டினார். அந்த மாதப் பதிவு இப்படி இருந்தது: "கேற் சரி. முன்கதவு சரி. மணி அடித்தேன். தங்கச்சி இரண்டு நிமிடத்தில் வந்தாள். தேநீர் குடித்தோம்."